தூக்குவாளியின் மூடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஏப்ரல் மாதம் வெளியான ‘நன்றி நாட்குறிப்பு’ கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். தாமதம்தான். ஆனால் நான் ரயில்வேயில் கீமேனாக இருந்தவன். தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் சாவியும் போல்ட்டும் தளர்ந்திருக்கிறதா என்று தினமும் தன் பகுதியை நடந்தே பார்த்துவிட்டு, அதன் பிறகு சரி என்று சொல்வது அந்த வேலை. நடக்காமல் சரி என்றோ தவறு என்றோ சொல்ல எனக்கு வராது. அதனால் கட்டுரையில் சொன்னபடி நாற்பது நாள் எழுதிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரவு படுக்கும் முன், அன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றும் மூன்று விஷயங்களை எழுதுங்கள், மனம் லேசாகும் என்பதுதானே கட்டுரையின் சாரம்? அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வையும் காட்டியிருந்தீர்கள். வாரம்தோறும் நல்லவற்றை எழுதியவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட வாழ்க்கையில் நிறைவாக இருந்தார்களாம். உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்களாம். மதுரையில் உளவியல் படிக்கும் என் பேத்தி, கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி அனுப்பினாள். ஏப்ரல் 15 அன்று தொடங்கினேன். அது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். 61 நாளுக்கு விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். துறைமுகத்தில் டீசல் வாசனைகூட அடங்கிவிடும். நோட்டு எழுத ஏற்ற காலம்.

முதல் நாள் எழுதியது: கடல், காற்று, மின்விசிறி. கடற்காற்று இருக்கும் ஊரில் மின்விசிறி எதற்கு என்று கேட்காதீர்கள். கச்சான் காற்று தூக்கிக்கொண்டு வரும் மணலுக்குப் பயந்து நாங்கள் சன்னலைச் சாத்தி வைப்போம். இரண்டாம் நாள் முழங்கால் வலி குறைந்தது, சூடை மீன் குழம்பு, மறுபடியும் காற்று. ஒன்பதாம் நாளுக்குள் கடலை நான்கு முறை எழுதியிருந்தேன். கடலுக்கு நான் எழுதுவது தெரியவா போகிறது என்று அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தாலும் தூக்கம் உண்மையிலேயே கொஞ்சம் நன்றாக வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பதினேழாம் நாள் என் மனைவி நோட்டை எடுத்துப் படித்துவிட்டாள். ஐம்பத்தொரு வரிகள். ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. “மின்விசிறிக்குப் பிறகாவது வருவேன் என்று பார்த்தேன்” என்றாள். நான் பேனாவைத் தேடினேன். “எழுத வேண்டாம். குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வாருங்கள். எனக்கு இடுப்பு வலிக்கிறது” என்றாள். இடுப்பு வலி எத்தனை நாளாக என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை நாளிதழில் போட முடியாது.

அன்றிலிருந்து தெருக்குழாய் என் வேலை. மே மாதத்தில் எங்கள் பாம்பன் தீவில் குடிநீருக்கு நிற்பது எப்படி என்று உங்கள் நிருபர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டப் போவதில்லை. அங்கே கேட்ட ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்தால் போதும், காலையெல்லாம் காத்துக் கிடக்க வேண்டாமே என்று ஒரு பெண் கேட்டாள். பொறுப்பில் இருந்த ஒருவர், அவர் யார், எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை, “இதுவாவது வருகிறதே என்று நன்றியோடு இருங்கள்” என்றார். வரிசை அப்படியே அடங்கிவிட்டது. நானும் அடங்கினேன். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து ‘தண்ணீர்’ என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை.

உங்கள் கட்டுரையில் ஓர் இடத்தில், நன்றியுணர்வுள்ளவர்கள் குறை சொல்வதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தது. அதைப் பென்சிலால் அடித்துவிட்டேன். ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் கீமேன் குறை சொல்லத்தான் வேண்டும். மற்ற போல்ட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவே என்று நன்றியோடு வீட்டுக்குப் போய்விட்டால், ரயில் என்னாவது? குழாய்த் தண்ணீருக்காக நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. எங்கள் வட்டாரக் குழாய் உடைந்தபோது உச்சி வெயிலில் குழியில் இறங்கி நின்ற இரண்டு பையன்கள் அவர்கள். அவர்களுக்கு மோர் கொடுத்தோம். எப்போது வரும் என்று கேட்பது வேறு கணக்கு. ஒரு கணக்கைக் காட்டி இன்னொன்றை அடைக்கச் சொல்வது கடைக்காரர் செய்கிற வேலை.

சரி, நோட்டுக்கு வருகிறேன். இருபது நாளுக்கு மேல் மூன்று விஷயம் கிடைப்பது கடினம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு நேர் எதிராக நடந்தது. இருபதுக்குப் பிறகு பழைய ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதற்குப் பாலமும் ஒரு காரணம். 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, மின்தூக்கியைப் போல நேராக 17 மீட்டர் உயரத்துக்கு ஏறி நிற்கிறது. அதை வேடிக்கை பார்க்க எங்கள் ஊரான அக்காள்மடத்திலிருந்து நானும் போய் நின்றேன். பக்கத்திலேயே 1914ஆம் ஆண்டுப் பாலம், நான் வேலை பார்த்த என் பாலம், 2022 டிசம்பரிலிருந்து ரயில் ஏறாமல் துருவோடு நின்றது. அதன் தூக்குப்பாலத்தை ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். கப்பல் போகும், மறுபடியும் சுற்றி மூடுவார்கள். சுற்றியவர்களின் முதுகு எப்படி இருக்கும் என்று அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

அந்தப் பாலத்தில் ரயிலில் போனவர்களுக்கு நினைவிருக்கும். ரயில் பாலத்தில் ஏறியதும் பெட்டி முழுக்க எழுந்து சன்னலுக்கு வரும். கையெடுத்துக் கும்பிடுவார்கள். கடலில் காசு போடுவார்கள். பாலத்தின் ஓரத்தில், ரயில் வரும்போது நாங்கள் ஒதுங்கி நிற்பதற்கு இரும்பில் சிறிய மேடை உண்டு. நான் அங்கே ஸ்பேனரோடும் சுத்தியலோடும் நிற்பேன். கடல் அன்னைக்குப் போட்ட காசு என் தலைக்கு மேலே போகும். ஒருமுறை ஐம்பது காசு ஒன்று நெற்றியில் பட்டு, கர்டர் என்ற இரும்பு உத்தரத்தில் மோதி, கடலுக்கே போய்விட்டது. போட்டவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஏதோ இரும்புத் தூண் என்றுதான் நினைத்திருப்பார். பத்திரமாகப் பாலம் கடந்ததற்குக் கடலுக்கு நன்றி. கடலிலிருந்து அவர்களைக் காப்பாற்றிக்கொண்டு நின்ற எனக்கு ஐம்பது காசு. சம்பளம் வாங்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. சிரிப்புக்காகச் சொன்னேன்.

குழந்தைகள் மட்டும் என்னைப் பார்ப்பார்கள். கையசைப்பார்கள். பதிலுக்குக் கையசைப்பது எங்களுக்கு எளிதல்ல. கையில் கொடியோடு கையை ஆட்டினால் ஓட்டுநருக்கு அது வேறு செய்தி. அதனால் தலையை மட்டும் ஆட்டுவேன். அது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று இன்று வரை தெரியாது. இருபத்து மூன்றாம் நாள் நோட்டில் எழுதியது இதுதான்: கையசைத்த குழந்தைகள். அவர்களுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது இருக்கும்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும். பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் அத்தனை பேரோடும் போனது. எங்கள் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் விழுந்துவிட்டன. 46 நாளில் பாலத்தை மீட்டெடுத்த பொறியாளர் ஸ்ரீதரன் பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று நாடறிந்த மனிதர் ஆனார், அது அவருக்குத் தகும். கர்டர்கள் கடலடியில் எங்கெங்கே கிடக்கின்றன என்று முங்கிப் பார்த்துச் சொன்னவர்கள் எங்கள் பக்கத்து வலைக்காரர்கள் என்று என் தகப்பனார் சொல்வார். அவர்களில் என் தகப்பனாரும் ஒருவர் என்று எழுத ஆசைதான். இல்லை. புயலில் வீட்டுக் கூரை போய், அவர் ஏழு வயதுப் பையனான என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்றிருந்தார். கஞ்சி ஊற்றியவர் யார் என்று அவருக்கும் தெரியாது. “பெரிய கை” என்பார். அவ்வளவுதான் அடையாளம். முப்பதாம் நாள் நோட்டில் ‘பெரிய கை’ என்று எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் நன்றி என்ற சொல்லை மேடையில்தான் கேட்கலாம். அதுவும் நன்றியுரை தொடங்கியதும் நாற்காலிகள் நகரும் சத்தத்தில் பாதி கேட்காது. வீட்டில், தெருவில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் சண்டையா என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் எதுவும் வந்தால், அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஒரு பிடி சர்க்கரை, இரண்டு முருங்கைக்காய், எதுவும் இல்லையென்றால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு போகும் பிள்ளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் உண்டு, எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. என் அம்மா அந்த மாதம் முடிந்ததும் கருப்பட்டிப் பணியாரம் செய்து, கஞ்சி காய்ச்சிய பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். இதை எங்கும் எழுதி வைத்ததில்லை.

அப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிறந்தவன் செய்ததைத்தான் இனி சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில், சாலைப் பாலம் திறந்த சமயம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலங்களில் எனக்கு இரவு ரோந்து வரும். கைவிளக்கு, ஆபத்து என்றால் ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தில் கட்டும் வெடி டப்பா, மழைக்கோட்டு. வாடைக்காற்று முகத்தில் உப்பை அறையும். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாது. ஆளுக்கு அப்படிச் சிக்னல் எதுவும் கிடையாது. பாலத்தின் பாம்பன் முனையில் ஓர் அக்கா இருந்தார். விதவை. விடியலில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்பார். இரண்டரை மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார். அவர் வீட்டு வேலிக்கம்பில் ஓர் ஆணி. அதில் ஒரு தூக்குவாளி தொங்கும். உள்ளே கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. முதல் நாள் “தம்பி, எடுத்துக்கொண்டு போ” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகு குரலும் இல்லை. வாளி மட்டும் தொங்கும். எடுத்துக்கொண்டு நடப்பேன், நடுப்பாலத்து மேடையில் நின்று குடிப்பேன், திரும்பும்போது கழுவி ஆணியில் மாட்டிவிடுவேன். வெறும் வாளி. ஆறு மழைக்காலம்.

ஒருமுறை மட்டும் சம்பள நாளில் அரைக் கிலோ கருப்பட்டியை வாளிக்குள் போட்டு மாட்டினேன். மறுநாள் கருப்பட்டி அப்படியே இருந்தது, காப்பி பக்கத்தில் ஒரு டம்ளரில் இருந்தது. “கணக்குத் தீர்க்கிறாயா?” என்று உள்ளிருந்து கேட்டார். எனக்கு அந்த வயதில் அது புரியவில்லை. கோபம் வந்தது. கருப்பட்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இன்னொன்று இதைவிடச் சிறியது, இதைவிட மோசம். ஒரு காற்று நாளில் நடுப்பாலத்தில் வாளியின் மூடியைத் திறந்து கட்டை மேல் வைத்தேன். அது நழுவி, கட்டைகளுக்கு நடுவே கடலில் விழுந்துவிட்டது. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அக்காவிடம் சொன்னேன். பாதி உண்மை. கட்டை மேல் வைத்தது நான்தானே? “பரவாயில்லை” என்றார். மறுநாளிலிருந்து வாளியின் வாயைப் பழைய சேலைத் துணியால் கட்டி வைத்தார். ஒரு மூடி என்ன விலை வரும்? ராமநாதபுரம் பாத்திரக் கடையில் இரண்டு ரூபாயோ மூன்றோ. மாதம் ஒருமுறை அந்தக் கடை வழியாக நடந்திருக்கிறேன். வாங்கவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒவ்வோர் இரவும் அந்தத் துணியை நான்தான் அவிழ்த்தேன்.

பிறகு என்னை மானாமதுரைப் பக்கம் மாற்றினார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, முதல் மழைக்கால ரோந்து. வேலிக்கம்பில் ஆணி இருந்தது, வாளி இல்லை. இன்றைக்கு வைக்கவில்லையே என்று எனக்கு வந்த எரிச்சலை இப்போதும் உடம்பில் உணர முடிகிறது. விடிந்ததும் டீக்கடையில் சொன்னார்கள், அக்கா இறந்து நான்கு மாதம் ஆகிறது என்று.

நாற்பதாம் நாள் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: மூடி.

மே கடைசியில் பேத்தி வந்தாள். படித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கட்டுரையில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்றைச் சொன்னாள். 2005இல் மார்ட்டின் செலிக்மன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இன்னொரு சோதனை செய்தார்களாம். சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். செய்தவர்களுக்கு உடனே கிடைத்த மகிழ்ச்சி மிகப் பெரியதாக இருந்ததாம். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. தினம் மூன்று நல்லவற்றை எழுதியவர்களுக்கோ ஆறு மாதம் வரை நீடித்ததாம். “அதனால் நோட்டே மேல், தாத்தா” என்றாள், நேர்மையாக.

“யாருடைய மகிழ்ச்சியை அளந்தார்கள்?” என்று கேட்டேன்.

“நன்றி சொன்னவர்களுடையதை.”

“கடிதம் வாங்கினவர்களை?”

யோசித்துவிட்டு, அந்தச் சோதனையில் இல்லை என்றாள்.

ஆசிரியர் அவர்களே, என் கடிதத்தின் விஷயம் இவ்வளவுதான். நன்றி என்பது எனக்கு வரும் தூக்கம், என் மன லேசு, என் ஆறு மாதம் என்று எழுதுகிறீர்களே, அந்தக் கணக்கில் அக்கா எந்தப் பத்தியில் வருகிறார்? அடுத்த முறை எழுதும்போது, நோட்டை மூடிவிட்டுச் செருப்பை மாட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எனக்குப் போல் முப்பது ஆண்டு தாமதமாகாமல் யாராவது இரண்டு பேர் போவார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் நான் போனேன். அக்காவின் மகள் தங்கச்சிமடத்தில் கருவாடு விற்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாத்திரக் கடைக்குப் போனால் மூடி மட்டும் தனியாகத் தருவதில்லை என்றார்கள். மூடியோடு ஒரு முழுத் தூக்குவாளியாக வாங்கினேன். வெறும் வாளியாகக் கொண்டுபோகக் கூடாதே. அரைக் கிலோ கருப்பட்டி போட்டேன்.

அந்த அம்மாவுக்கு என் வயதுக்குப் பத்து குறைவு இருக்கும். தாயின் முகவெட்டு அப்படியே. பாலம், ரோந்து, காப்பி, மூடி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார். “எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாளி இருந்ததா?” என்றார். அவருக்கு நினைவே இல்லை. வேலியில் ஆணி இருந்தது மட்டும் தெரியும், பாவாடை கிழிந்திருக்கிறதாம். பிறகு, “அம்மா பாலத்து ஆள் எல்லோருக்கும்தான் வைப்பாள், உங்களுக்கு மட்டும் என்று நினைத்தீர்களா?” என்று சிரித்தார். முப்பது ஆண்டாக அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கருப்பட்டியை எடுத்துக்கொண்டார். கணக்குப் பேசவில்லை. டீ கொடுத்தார். நான் கிளம்பும்போது அந்த வாளியையே கையில் கொடுத்தார், நெத்திலிக் கருவாடு நிறைய. “வாளி எனக்கு வேண்டும், திரும்பக் கொண்டுவந்து தந்துவிடுங்கள்” என்றார்.

வாளி இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அடுத்த வாரம் போகிறேன். உள்ளே என்ன போடுவது என்று மனைவி யோசித்துக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் போகும்போது மூடியைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே கீமேன்,
அக்காள்மடம், பாம்பன்.